மண்வாயு ஆய்வின் மூலம் நிலத்தடி நீர் மாசைத் தேடுதல்: சேலம் நிலத்துக்கான முழு வழிகாட்டி

சேலத்தில் ஒரு தெருவின் கிணற்று நீரில் பெட்ரோல் வாடையோ, பெயின்ட் கடையில் வீசுவது போன்ற தின்னர் வாடையோ வரத் தொடங்கினால், வழக்கமாக இரண்டு காரியங்கள் நடக்கின்றன. நீரை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். அதில் எதுவும் தெரியாவிட்டால் சற்றுத் தள்ளி இன்னொரு போர்வெல் போடுகிறார்கள். முதலாவது ஏன் பெரும்பாலும் விடை தருவதில்லை என்பதை உரிய இடத்தில் விளக்குகிறேன். இரண்டாவது செலவு மிகுந்தது என்பதோடு, மேலடுக்கில் மட்டும் நிற்கும் மாசைப் புதிய துளை வழியாகப் பாறை வெடிப்புகளுக்குள் இறக்கிவிடும் ஆபத்தும் கொண்டது. இவ்விரண்டுக்கும் இடையே, போர்வெல் வண்டியைக் கூப்பிடும் முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. மண் துகள்களுக்கு இடையே நிற்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, கீழே உள்ள நீரிலிருந்து ஆவியாகி மேலேறும் பொருள்கள் அதில் உள்ளனவா என்று பார்ப்பதே அது. எண்ணெய் வளம் தேடுவதற்காக 1930-களில் ஜெர்மனியிலும் சோவியத் நாட்டிலும் பயன்படுத்திப் பார்க்கப்பட்ட இந்த முறை, 1980-களில் நிலத்தடி நீர் மாசைத் தேடும் பணிக்கு வந்தது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். மண்வாயு ஆய்வு, எங்கே துளையிட வேண்டும் என்று சொல்லும். நீர் குடிக்கத் தகுந்ததா என்று சொல்லாது. இதை மறந்து செய்யப்படும் ஆய்வறிக்கைகளைக் கண்டிருப்பதால்தான் இந்த வழிகாட்டியில் கருவிகளைவிட, எப்போது அந்த எண்களை நம்பக் கூடாது என்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த மாசு மேலே வரும், எது வராது

நீரில் கரைந்துள்ள பொருள், நீருக்கு மேலுள்ள காற்றோடு எந்த விகிதத்தில் தன்னைப் பங்கிட்டுக்கொள்கிறது என்பதை ஹென்றி மாறிலி குறிக்கிறது. அலகற்ற வடிவில், 25 டிகிரி செல்சியஸில் இதன் மதிப்பு பென்சீனுக்குச் சுமார் 0.22, உலோகத்திலிருந்து கிரீஸ் நீக்கப் பயன்படும் ட்ரைகுளோரோஎத்திலீனுக்குச் சுமார் 0.4, உலர்சலவைக் கரைப்பானான டெட்ராகுளோரோஎத்திலீனுக்குச் சுமார் 0.7. இவை யாவும் மண்வாயு ஆய்வுக்கு நன்கு அகப்படும். அசிட்டோனுக்கு இந்த மதிப்பு 0.002-க்கும் குறைவு, எத்தனாலுக்கு அதைவிடவும் குறைவு. அவை நீரை விட்டுப் பிரிய விரும்பாத பொருள்கள் என்பதால், கீழே எவ்வளவு இருந்தாலும் மேலே அற்பமாகவே தெரியும். நம் ஊர் நிலத்தடி நீர் 25 டிகிரியைவிடச் சற்று வெப்பமானது என்பதால் ஆவியாவது இன்னும் கொஞ்சம் எளிது. ஆனால் அந்த வித்தியாசம் முடிவை மாற்றும் அளவுக்குப் பெரிதன்று.

சாயக் கழிவு, உப்பு, நைட்ரேட், ஃப்ளூரைடு, முலாம் பூசும் பட்டறைகளின் குரோமியம், நிக்கல் ஆகிய எவையும் ஆவியாகா. சேலத்தில் நிலத்தடி நீர் மாசு என்றாலே சாயப்பட்டறையும் சேகோ ஆலையும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. சாயக் கழிவைத் தேட மண்வாயு ஆய்வு செய்வது வீண் செலவு. நீரின் மின்கடத்துத் திறனை அளந்தாலே அங்கு அதைவிட அதிகம் தெரியும். சேகோ ஆலைக் கழிவுநீரில் மாவுச்சத்து அழுகுவதால் கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் எழலாம். அது மறைமுகமான தடயம் மட்டுமே. எனவே, பெட்ரோல் பங்க், பணிமனை, பழைய எண்ணெய்க் கிடங்கு, உலர்சலவைக் கடை, கரைப்பான் கையாளும் தொழிற்கூடம் ஆகியவற்றில் ஒன்று சந்தேகத்துக்கு உரியதாக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

வாடையை வைத்து முடிவு செய்யவும் கூடாது. குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்பு. ஆனால் அது மூக்குக்குத் தெரிய லிட்டருக்குப் பல மில்லிகிராம் இருக்க வேண்டும். வாடை வரும் கிணறு கெட்டிருக்கிறது என்பது உண்மை. பக்கத்துக் கிணறு வாடை இல்லாததால் நல்லது என்பது வெறும் நம்பிக்கை.

முதல் படி: நிலத்தைப் படித்தல்

வடகிழக்கே சேர்வராயன் மலையும், வடக்கே நகரமலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்தது சேலம். மலைகளில் சார்னோக்கைட் பாறையும், சமவெளியில் நைஸ் பாறையும், நகரின் வடக்கே வெள்ளைக்கல் வெட்டப்படும் பகுதியில் டியூனைட் பாறையும் உள்ளன. இவை எல்லாமே கடினப் பாறைகள். மேலே செம்மண் அல்லது களிகலந்த மண், அதன் கீழே சிதைந்து உதிரும் பாறை, அதற்கும் கீழே வெடிப்புகளில் மட்டும் நீர் நிற்கும் கெட்டிப் பாறை என்ற அடுக்கமைப்பே பெரும்பாலான இடங்களில் காணப்படும். பழைய திறந்த கிணறுகள் சிதைந்த பாறை அடுக்கின் நீரை எடுக்கின்றன. பல நூறு அடிக்குப் போகும் போர்வெல்கள் கெட்டிப் பாறை வரை, துளையின் சுவர் சரியாமல் காக்கும் கேசிங் பைப் இறக்கி, அதன் கீழே வெடிப்பு நீரை எடுக்கின்றன.

மண்வாயு ஆய்வு பார்ப்பது இவற்றுள் முதல் நீரை மட்டுமே. 600 அடியில் உள்ள வெடிப்பில் கரைந்திருக்கும் கரைப்பான் மேலே ஆவியாக வந்து சேராது; இடையில் நிற்கும் நீரும் பாறையும் அதைத் தடுத்துவிடும். ஆகவே, ஆழமான போர்வெல்லில் வாடை வந்து, அருகிலுள்ள திறந்த கிணற்றில் வராமல் இருந்தால், முதலில் அந்தப் போர்வெல்லின் கேசிங் பாறையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கேசிங்கின் வெளிப்புறம் அடைக்கப்படாமல் விடப்பட்டிருந்தால், மேற்பரப்பில் சிந்தியது நேரே அந்த இடைவெளி வழியே இறங்கியிருக்கலாம்.

அடுத்து, நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அறிய வேண்டும். ஒரே கோட்டில் அமையாத குறைந்தது மூன்று திறந்த கிணறுகளில், ஒரே நாளில், விடியற்காலையில் மோட்டார் போடும் முன்பு நீர்மட்டத்தை அளந்து, கிணற்று மேடையின் உயரத்தை லெவல் கருவியால் கண்டு, அதிலிருந்து நீர்மட்ட ஆழத்தைக் கழித்தால் சரிவின் திசை கிடைக்கும். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறு நகரின் நடுவே தெற்கு நோக்கிச் செல்வதால், நீரும் பொதுவாக அந்தத் திசையில்தான் சாயும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் நாள் முழுதும் ஓடும் ஒரு பெரிய மோட்டார், தன்னைச் சுற்றியுள்ள சரிவையே திருப்பிவிடும். அளந்து பார்ப்பதற்கு மாற்று இல்லை. எந்தக் காரணம் கொண்டும் கிணற்றுக்குள் ஆளை இறக்கி அளக்காதீர்கள். பாழ்கிணற்றில் விஷவாயு தாக்கி ஒருவரைக் காப்பாற்றப் போய் மற்றவரும் இறந்த செய்தியை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். பெட்ரோல் ஆவியும் காற்றைவிடக் கனமானது, கிணற்றின் அடியில் தங்குவது.

கடைசியாக, அந்த இடத்தின் கதையைக் கேளுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதைப் பக்கத்து டீக்கடைக்காரர் சொல்வார். பதிவேடுகளில் அது இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. புதைந்த தொட்டி, மூடப்பட்ட கிணறு, பழைய சாக்கடை ஆகியவற்றை ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எதிர்பார்க்கும் அளவைக் கணக்கிடுதல்

இந்தப் படியைப் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். கருவியை வாடகைக்கு எடுத்தபின் ஒன்றும் தெரியவில்லை என்று திகைப்பதற்கு அதுவே காரணம்.

நீரில் ட்ரைகுளோரோஎத்திலீன் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருப்பதாகக் கொள்வோம். ஹென்றி மாறிலி 0.4 என்றால், நீரோடு சமநிலையில் உள்ள காற்றில் லிட்டருக்கு 40 மைக்ரோகிராம், அதாவது கன மீட்டருக்கு 40,000 மைக்ரோகிராம் இருக்கும். நீர்மட்டம் 8 மீட்டர் ஆழத்தில் இருந்து, மண் ஒரே சீராக அமைந்து, வழியில் எதுவும் சிதையாமல் இருந்தால், மேற்பரப்பை நோக்கி இந்த அளவு ஒரு நேர்கோட்டில் குறையும். எனவே 2 மீட்டர் ஆழத்தில் அதில் கால்பங்கு, கன மீட்டருக்கு 10,000 மைக்ரோகிராம், சுமார் 1.9 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1.9 பங்கு) எஞ்ச வேண்டும்.

உண்மையில் அவ்வளவு எஞ்சாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, மண்ணின் நுண்ணிய துளைகளில் நீர் ஏறி நிற்கும் ஈர விளிம்பு ஒன்று உண்டு. வாயு நீருக்குள் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மணலில் சில சென்டிமீட்டரே இருக்கும் இந்த விளிம்பு, களிமண்ணில் ஒரு மீட்டரையும் தாண்டும். அதைக் கடந்து வரும்போது அளவு பத்திலொன்றாகவோ நூறிலொன்றாகவோ சுருங்கிவிடலாம். அப்படியானால் நாம் தேடுவது 0.2 முதல் 0.02 பிபிஎம் வரையான அளவை. ஆவியைப் புற ஊதா ஒளியால் அயனியாக்கி அளக்கும் கையடக்க பிஐடி கருவி இதற்குப் போதாது. மாதிரியை எடுத்து, வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் காஸ் குரோமட்டோகிராஃப் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது களத்துக்குப் போகும் முன்பே தெரிந்துவிடுகிறது.

பெட்ரோலின் நிலை வேறு. பென்சீன், டொலுவீன் போன்றவற்றை ஆக்சிஜன் உள்ள மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் விரைந்து தின்றுவிடுகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நீரில் கரைந்த பெட்ரோல் மாசுக்கு மேலே சுமார் 1.8 மீட்டர் தூய மண் இருந்தாலே அந்த ஆவி மேலுள்ள கட்டடத்தை எட்டாது என்று பொதுவாகக் கொள்ளலாம். மிதக்கும் பெட்ரோல் படலமே இருந்தால் அந்தத் தொலைவு சுமார் 4.6 மீட்டர். கட்டடங்களுக்குள் ஆவி புகுவதைத் தடுக்க வகுக்கப்பட்ட இந்த அளவுகள் நமக்கு எதிர்ப்பக்கமாகப் பேசுகின்றன. 8 மீட்டரில் நீர்மட்டம் உள்ள இடத்தில் 1.5 மீட்டர் ஆழத்தில் பென்சீனைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால், அதற்குப் பொருள் எதுவுமே இல்லை. அங்கே தேட வேண்டியது விருந்துக்குப் பின் எஞ்சும் எச்சில் இலையை. நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை விடுவதால், சுற்றிலும் 18 அல்லது 19 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கும் மண்ணில் ஓரிடத்தில் மட்டும் அது 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, கார்பன் டை ஆக்சைடு 10-ஐத் தாண்டினால், அதன் கீழே எதையோ அவை தின்றுகொண்டிருக்கின்றன. அது பெட்ரோலா, கசியும் செப்டிக் டேங்கா என்பதைப் பிரித்தறிய இன்னும் ஆழத்தில் மாதிரி எடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: காலத்தைத் தேர்தல்

சேலத்துக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மழை தருகின்றன; செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மண் துளைகள் நீரால் நிரம்பிவிடும். காற்று நிற்க இடமில்லாத மண்ணில் மண்வாயு ஆய்வு செய்ய முடியாது. மழையால் இன்னொரு தொல்லையும் உண்டு. புதிதாக இறங்கும் தூய நீர், மாசடைந்த நீரின் மேல் ஓர் அடுக்காகப் படுத்துக்கொள்கிறது. அதன் கீழே எவ்வளவு மாசு இருந்தாலும் மேலே ஆவி எழாது. மாசின் தோற்றுவாயிலிருந்து தள்ளிப் போகப் போக இந்த மூடி தடித்துக்கொண்டே போகும் என்பதால், மாசு நகரும் தடத்தின் முனையை மண்வாயு ஆய்வு எப்போதும் குறைத்தே காட்டும்.

என் கணிப்பில் பிப்ரவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரையே இங்கு உகந்த காலம். மழையால் உயர்ந்த நீர்மட்டம் இன்னும் முழுதாக இறங்கியிராது, மேல்மண்ணோ காய்ந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் ஆவியாதலுக்கு உதவினாலும் நீர்மட்டம் ஆழத்துக்குப் போய்விடுகிறது, போதாததற்குக் கோடை மழை இடையில் வந்து கெடுக்கும். அரை அங்குலத்துக்கு மேல் மழை பெய்தால் குறைந்தது ஐந்து நாள் காத்திருப்பது வழக்கம். ஒரு முறை, இரண்டு நாள் வெயில் போதும் என்று நம்பி, களிமண் நிலத்தில் நாற்பது துளைகளைப் போட்டோம். பாதிக்கு மேல் சிரிஞ்சில் சேற்றுநீரே வந்தது.

நாளுக்குள்ளும் நேரம் பார்க்க வேண்டும். வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் காலை பத்து மணியளவில் உச்சத்தையும் மாலை நான்கு மணியளவில் தாழ்வையும் தொடும். அழுத்தம் உயரும்போது வெளிக்காற்று மண்ணுக்குள் தள்ளப்படுகிறது. தாழும்போது மண் மூச்சு விடுகிறது. ஆழமற்ற துளைகளில் இது எண்களைப் பாதிக்கும். எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது என்பதால், ஒரு குறிப்பிட்ட துளையை மட்டும் காலை, நண்பகல், மாலை என மூன்று முறை அளந்து, ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று அறிக்கையில் குறியுங்கள்.

நான்காம் படி: புள்ளிகளை அமைத்தல்

சந்தேகத்துக்குரிய தொட்டியையோ பட்டறையையோ சுற்றி முதலில் 20 முதல் 30 மீட்டர் இடைவெளியில் கட்டம் போடுங்கள். முதல் நாள் முடிவுகளைக் கொண்டு, அதிகம் காட்டிய இடங்களில் 5 முதல் 10 மீட்டருக்கு நெருக்குங்கள். எல்லாப் புள்ளிகளையும் முன்கூட்டியே ஒரே இடைவெளியில் நிர்ணயித்துவிட்டு, என்ன வந்தாலும் அதையே பின்பற்றுவது பார்க்க ஒழுங்காக இருக்கும், பயன் குறைவு. நீர் வரும் பக்கத்தில், மாசுக்கு வாய்ப்பே இல்லாத இடத்தில், இரண்டு மூன்று ஒப்புப் புள்ளிகள் கட்டாயம் வேண்டும்.

மண் ஆழமில்லாமல் பாறை மேலேயே தலைகாட்டும் இடங்களில் கட்டம் பலிக்காது. அங்கே ஆவி பாறை வெடிப்புகளின் வழியே ஒரு கோடு போல எழும். வெடிப்பின் திசையைக் கிணற்றுச் சுவரிலோ கல்குவாரியிலோ பார்த்து, அதற்குக் குறுக்காக வரிசைகள் அமைப்பது நல்லது. ஏற்காட்டுச் சரிவுகளில் வேறு வகைச் சிக்கல். அங்குள்ள செம்புறை மண் துளைகள் நிறைந்தது. காபித் தோட்டங்களின் இலைமக்கு இயல்பாகவே கார்பன் டை ஆக்சைடை மிகுதியாக விடுகிறது. சமவெளியின் ஒப்பு அளவை மலைக்குக் கொண்டுபோனால் எல்லாமே மாசாகத் தெரியும்.

பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மின்கேபிள் ஆகியவற்றின் தடத்தை உரியவர்களிடம் கேட்டு அறிந்த பிறகே துளையிட வேண்டும். இது பாதுகாப்புக்காக மட்டும் சொல்வதன்று. குழாய் புதைத்த பள்ளங்களில் நிரப்பப்பட்ட மணல், ஆவிக்கு நெடுஞ்சாலை. சாக்கடையை ஒட்டி வரிசையாக உயர்ந்த எண்கள் வந்தால், நிலத்தடி நீரைவிட அந்தப் பள்ளத்தையே முதலில் சந்தேகியுங்கள். எருமாபாளையம் போன்ற பழைய குப்பைமேடுகளின் அருகிலும், ஆற்றின் கசடு படிந்த கரைகளிலும் மீத்தேன் வருவது எதிர்பார்க்கத் தக்கதே.

ஐந்தாம் படி: மாதிரி எடுத்தல்

துளை ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது. அதற்கு மேலே வெளிக்காற்றின் கலப்பு மிகுதி. சம்மட்டியால் அடித்து இறக்கும் இரும்புக் கம்பி அல்லது கையால் திருகி மண்ணைத் தோண்டும் ஆகர் போதும். கான்கிரீட் தரையாக இருந்தால் ஹாமர் டிரில்லால் துளைத்துக்கொள்ளலாம். ஆனால் கான்கிரீட்டுக்கு அடியில் ஆவி வெளியேற வழியின்றித் தேங்கும் என்பதால், அங்கு கிடைக்கும் எண்ணைத் திறந்த மண்ணின் எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது.

துளையின் அடியில் நுண்துளை முனை கொண்ட குழாயை இறக்கி, முனையைச் சுற்றிச் சுமார் 15 சென்டிமீட்டர் மணல் இட்டு, அதன்மேல் பென்டோனைட் என்ற களிமண் தூளைக் கொட்டி நீர் தெளித்து உப்பச் செய்து, மேற்பரப்பு வரை அடைக்க வேண்டும். குழாய் டெஃப்லான் அல்லது நைலானாக இருக்கட்டும். மீன்தொட்டிக்குப் போடும் சிலிகான் குழாய் விலை குறைவுதான், ஆனால் அது ஆவியை உறிஞ்சிக்கொண்டு அடுத்த மாதிரியில் திருப்பித் தரும். அடித்து இறக்கிய துளையில் இரண்டு மணி நேரமும், ஆகரால் தோண்டிய துளையில் இரண்டு நாளும் மண்வாயு பழைய நிலைக்குத் திரும்பக் காத்திருங்கள்.

பிறகு குழாயிலும் மணலிலும் நிற்கும் பழைய காற்றை வெளியேற்ற வேண்டும். 4 மில்லிமீட்டர் உள்விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள குழாயின் கொள்ளளவு சுமார் 31 மில்லிலிட்டர். 25 மில்லிமீட்டர் துளையில் 15 சென்டிமீட்டர் மணலின் இடைவெளி சுமார் 29 மில்லிலிட்டர். மொத்தம் 60. அதன் மூன்று மடங்கான 180 மில்லிலிட்டரை எடுத்து விட்டுவிட்டு, அடுத்து வருவதே மாதிரி. நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்து விட்டதும் சிரிஞ்சின் தண்டு தானாக உள்ளே திரும்பி ஓடும் அளவுக்கு எதிர்ப்பு இருந்தால், அந்த மண் காற்று விடவில்லை என்று எழுதிவிட்டு நகர வேண்டும். வலுவாக இழுத்தால் வருவது மேலிருந்து கசிந்த வெளிக்காற்று.

அடைப்பில் கசிவு உள்ளதா என்பதைச் சோதிக்க, துளையின் வாயை ஒரு வாளியால் கவிழ்த்து மூடி, உள்ளே ஹீலியம் விட்டு, மாதிரியில் அது வருகிறதா என்று பார்க்கலாம். வாளிக்குள் உள்ள ஹீலியம் செறிவில் 5 விழுக்காட்டுக்கு மேல் மாதிரியில் வந்தால் அந்த மாதிரியைத் தள்ளிவிடுங்கள். தெருவில் பலூன் விற்பவரின் சிலிண்டரில் பல சமயம் இருப்பது ஹைட்ரஜன். பெட்ரோல் பங்க் அருகே அதைத் திறப்பது தற்கொலைக்கு ஒப்பு. ஹீலியம் கிடைக்காவிட்டால் ஐசோப்ரொபனால் நனைத்த துணியை வாயைச் சுற்றி வைத்து, ஆய்வகத்தில் அதைத் தேடச் சொல்லலாம். ஆனால் பிஐடி அதையும் மாசென்றே காட்டும் என்பதால், களத்தில் அளப்பதாக இருந்தால் இந்த வழி வேண்டாம்.

பிஐடி பற்றி இன்னொன்று. வழக்கமான 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்கு, பென்சீன், ட்ரைகுளோரோஎத்திலீன், டெட்ராகுளோரோஎத்திலீன் ஆகியவற்றைக் காணும். மீத்தேனையும் குளோரோஃபார்மையும் கார்பன் டெட்ராகுளோரைடையும் காணாது, ஏனெனில் அவற்றை அயனியாக்க அதைவிட அதிக ஆற்றல் தேவை. கார்பன் டெட்ராகுளோரைடு நம் நாட்டின் துணித் தொழிலில் கறை நீக்கியாக இருந்து, ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி கைவிடப்பட்ட பொருள். பழைய துணிக்கூடம் இருந்த இடத்தில் பிஐடி சுழியம் காட்டுவதைக் கொண்டு நிம்மதி அடையக் கூடாது. ஈரமான மண்வாயுவிலும் அந்தக் கருவி குறைத்தே காட்டும்.

ஆய்வகத்துக்குப் போகும் மாதிரியை உள்வெற்றிடமாக்கிய எஃகுக் கலனில் எடுப்பதே சிறந்தது. டெட்லார் எனும் பிளாஸ்டிக் படலப் பையில் எடுத்தால் வெயில் படாமல் வைத்து, ஓரிரு நாளுக்குள் பகுத்தாக வேண்டும். பத்து மாதிரிக்கு ஒன்று அதே துளையில் மறுபடி எடுக்கும் இரட்டை மாதிரி, நாளுக்கு ஒரு தூய காற்றை மட்டும் கொண்ட வெற்று மாதிரி, சுற்றுப்புறக் காற்றின் மாதிரி ஒன்று ஆகியவை இல்லாத எண்களை நான் மதிப்பதில்லை.

காற்றே விடாத களிமண்ணுக்கு வேறு வழி உண்டு. உறிஞ்சு பொருள் அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியை அரை முதல் ஒரு மீட்டர் ஆழத்தில் தலைகீழாகப் புதைத்து, வாயை அடைத்து, ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து எடுக்கும் முறை அது. மிகச் சிறிய அளவையும் பிடிக்கும். ஆனால் அது தருவது சேர்ந்த எடையை மைக்ரோகிராமில், செறிவை அன்று. இரு முறைகளின் எண்களையும் ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள்.

ஆறாம் படி: எண்களைப் படித்தல்

மண்வாயு எண்கள் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் ஆயிரம் மடங்கு வேறுபடும். எனவே 10, 100, 1000 என்று பத்தின் மடங்குகளில் வகைப்படுத்தி வண்ணம் தீட்டுங்கள். கணினி வரையும் வளைகோடுகள், தனித்த ஓர் உயர்ந்த எண்ணைச் சுற்றி அழகான வட்டம் போட்டுத் தரும். அந்த வட்டம் மண்ணில் இல்லை, மென்பொருளில் மட்டுமே உள்ளது.

அதிகம் காட்டிய இடங்களில் 1.5, 2, 3 மீட்டர் ஆழங்களில் தனித்தனியே மாதிரி எடுப்பதுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி. ஆழம் கூடக் கூட அளவும் கூடினால், ஆவி கீழிருந்து, பெரும்பாலும் நீரிலிருந்து, வருகிறது. ஆழம் கூடும்போது குறைந்தால், மேலே சிந்தியது மண்ணில் நிற்கிறது. அது இன்னும் நீரை எட்டாமலும் இருக்கலாம். நடு ஆழத்தில் மட்டும் உயர்ந்திருந்தால், பக்கவாட்டில் ஏதோ ஒரு குழாய்ப் பள்ளத்தின் வழியாக வந்திருக்கலாம். ஒரே ஆழத்தில் நூறு புள்ளிகள் எடுப்பதைவிட, அறுபது புள்ளிகளும் பத்து இடங்களில் ஆழவாரி மாதிரியும் எடுப்பது எவ்வளவோ மேல்.

குளோரின் கொண்ட கரைப்பான்களில் இன்னொரு தடயமும் கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் டெட்ராகுளோரோஎத்திலீன் படிப்படியாக ட்ரைகுளோரோஎத்திலீனாகவும், பிறகு டைகுளோரோஎத்திலீனாகவும், அதன்பின் வினைல் குளோரைடாகவும் சிதைகிறது. சிந்திய இடத்தில் தாய்ப்பொருளும், நீர் போகும் திசையில் சிதைவுப் பொருள்களும் மிகுந்திருந்தால், நீரோட்டத் திசை பற்றிய உங்கள் கணிப்பு சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

சுழியம் காட்டிய இடங்களை விளக்குவதுதான் கடினம். மாசு இல்லாததால் சுழியமா, களிமண் அடுக்கு தடுத்ததாலா, தூய மழைநீர் மேலே படுத்ததாலா, நுண்ணுயிர் தின்றதாலா? துளையிடும்போது மண் என்ன, ஈரம் எவ்வளவு, சிரிஞ்ச் எளிதாக இழுத்ததா என்று எழுதி வைத்திருந்தால்தான் இதற்கு விடை சொல்ல முடியும். களக்குறிப்பேட்டில் எண் மட்டும் இருந்தால் அறிக்கை ஊகமாகவே முடியும்.

ஏழாம் படி: நீரைக் கொண்டு சரிபார்த்தல்

இப்போதுதான் போர் வண்டி வர வேண்டும். சிதைந்த பாறை அடுக்கோடு நிறுத்தப்பட்ட, வரித்துளையிட்ட குழாய் பொருத்திய ஆழமற்ற கண்காணிப்புக் கிணறுகள் குறைந்தது ஐந்து தேவை. நீர் வரும் பக்கத்தில் ஒன்று, உயர்ந்த எண் காட்டிய பகுதியின் விளிம்பில் ஒன்று, நீர் போகும் பக்கத்தில் இரண்டு, சுழியம் காட்டிய இடத்தில் ஒன்று. கடைசியாகச் சொன்னதை வீண் செலவு என்று எல்லோரும் எதிர்ப்பார்கள். மண்வாயு ஆய்வை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்லும் ஒரே கிணறு அதுதான். குளோரின் கரைப்பான்கள் நீரைவிடக் கனமானவை, ட்ரைகுளோரோஎத்திலீனின் அடர்த்தி சுமார் 1.46. உச்ச அளவு காட்டிய நடுவிடத்தில் கெட்டிப் பாறைக்குள் துளையிட்டால், மேலே தங்கி நிற்பதை நாமே கீழே இறக்கிவிடுவோம்.

நீர் மாதிரி எடுக்கும் முறையில்தான் முதலில் சொன்ன புதிருக்கு விடை இருக்கிறது. சேலத்தில் பல போர்வெல்களில் கம்ப்ரசர் மோட்டார் ஓடுகிறது. அது காற்றை உள்ளே செலுத்தி, நுரையோடு நீரை மேலே தள்ளுகிறது. ஆவியாகும் மாசை நீரிலிருந்து பிரித்தெடுக்க வேண்டுமென்றே வடிவமைத்த கருவிகூட ஏறத்தாழ இதையேதான் செய்யும். அப்படி வந்த நீரைத் தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து பாட்டிலில் பிடித்து அனுப்பினால், ஆய்வகம் ஒன்றுமில்லை என்று சொல்வதில் வியப்பில்லை. போதாததற்கு, சாதாரணக் குடிநீர்ப் பரிசோதனையில் கடினத்தன்மையும் உப்பும் கிருமியும் பார்ப்பார்கள். பென்சீனைப் பார்க்கச் சொல்லி நாம் தனியே கேட்க வேண்டும்.

கண்காணிப்புக் கிணற்றிலிருந்து காற்றுக்குமிழி கலக்காத சிறு பம்பாலோ, பெய்லர் எனப்படும் நீள்குழாய்ச் சொம்பாலோ நீரை மெல்ல எடுத்து, 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு ததும்ப ஊற்றி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் மூட வேண்டும். கவிழ்த்துத் தட்டிப் பார்க்கும்போது குமிழி ஓடினால் அதைக் கொட்டிவிட்டு வேறு குப்பி எடுங்கள். சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் இட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரியை ஒட்டி வைத்தால் 14 நாள் வரை தாங்கும்.

நீரின் அளவையும் அதன் நேர் மேலே எடுத்த மண்வாயு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஹென்றி மாறிலியால் கணக்கிட்டதோடு ஒப்பிடுங்கள். ஐந்து கிணறுகளிலும் விகிதம் ஏறத்தாழ ஒத்திருந்தால், மற்றப் புள்ளிகளின் எண்களையும் நீரின் நிலைக்கு ஒரு குறியீடாகக் கொள்ளலாம். ஒன்றில் மட்டும் பெரிதும் விலகினால், அந்த இடத்தின் மண் அடுக்கை மறுபடி பாருங்கள். மழைக்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு முறை நீர் எடுத்த பிறகே மாசின் எல்லையைக் கோடு போட்டு வரைவது முறையாகும்.

வேலை முடிந்ததும் குழாய்களை உருவி, ஒவ்வொரு துளையையும் பென்டோனைட் கூழாலும் மேலே சிமென்டாலும் அடைத்து, அடைத்த எண்ணிக்கை போட்ட எண்ணிக்கையோடு பொருந்துகிறதா என்று குறிப்பேட்டில் சரிபார்த்துவிட்டே இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். திறந்தபடி விட்ட துளை ஒவ்வொன்றும், அடுத்த மழையில் மேலே சிந்தியதை நேராக நீருக்குக் கொண்டுசேர்க்கும் குழாயாகிவிடும்.